வன்னியின் பெயரால் எழுந்த மருத்துவப் பள்ளியும் வன்னிக்குப் போகாத வைத்தியரும்

ஈழத்து மருத்துவ வரலாறு பற்றி இதுகாறும் வெளிவந்த எழுத்துக்கள் பெரும்பாலும் நிறுவனங்களின் வரலாறாகவும் அவற்றுக்குத் தலைமை தாங்கிய பெரியார்களின் வரலாறாகவுமே அமைந்துள்ளன. எந்த வைத்தியசாலை எந்த ஆண்டில் திறக்கப்பட்டது, எந்தத் தேசாதிபதி அதனைத் திறந்து வைத்தார், முதற் பேராசிரியர் எவர் என்பன அவற்றிற் கிடைக்கும். ஒரு வைத்தியரை உருவாக்குவதற்கான பணம் எவரிடமிருந்து வந்தது, அப்பணம் அவரை எந்த இடத்தில் இருத்திக் கற்பித்தது, அவ்வாறு கற்றவர் பின்னர் எங்குச் சென்றார் என்னும் வினாக்கள் அவற்றில் அரிதாகவே எழுகின்றன. அவ்வினாக்களை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஊரில் இருந்து, ஊர்க் குடும்பங்களை அறிந்து, நோய் முற்றுமுன் தேடிச் சென்று பராமரிக்கும் குடும்ப வைத்தியர் ஒருவரைப் பயிற்றுவதற்கு இலங்கையில் எப்பொழுதாவது பணம் ஒதுக்கப்பட்டதா, ஒதுக்கப்பட்டதாயின் அது எவ்வழியே திசைமாறிற்று என்பதே இங்கு ஆராயப்படுகின்றது.

இவ்வினாவை நோக்குவதற்குத் தலைநகரை விடப் பொருத்தமான இடம் எலுவன்குளம். புத்தளம் நகரிலிருந்து வடக்கே, வண்ணாத்திவில்லு ஊடாக, ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தொலைவில், கலா ஓயாவின் தென்கரையை அண்டி அது உள்ளது. அதற்கு அப்பால் வில்பத்துக் காடு. ஆறு கடலோடு கலக்குமிடத்துக்கு அண்மையில் கங்கைவாடி என்னும் மீனவர் குடியிருப்பு. ஆற்றின் மறுபுறம் காட்டினுள், பெருங்கற்காலத் தாழிப் புதையல்களால் தொல்லியலாளர் நன்கறிந்த பொன்பரிப்பு. புத்தளத்தையும் மன்னாரையும் இணைத்த பழைய பாதை எலுவன்குளத்தின் ஊடாகவே சென்றது. கார்த்திகை மார்கழியில் ஆறு பெருகினால் தரைப்பாலம் நீருள் மூழ்கும். பாதை அங்கே முடிந்துவிடும். நிர்வாகப் பிரிவினைகள் எவ்வாறாயினும், நிலத்தாலும் நீராலும் நோயாலும் இவ்வூர் வன்னிக்காட்டின் தென்மேற்கு ஓரம் என்பது மனங்கொள்ளத்தக்கது. அவ்வாறு கொள்ளுமிடத்து, இந்நாட்டின் முதல் மருத்துவப் பள்ளி பிறந்த கதையின் ஒரு நுனி இங்குதான் தொடங்குகின்றது எனலாம்.

ஆங்கிலேயர் வருமுன் இப்பகுதியில் குடும்ப வைத்தியர் இல்லாமல் இல்லை. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து வாழ்ந்த புத்தளக் கரையில் பரிகாரியாரும் வெதமாத்தயாவும் அப்பணியைச் செய்தனர். அவர்களது கல்விக்கான செலவைக் குடும்பமே ஏற்றது. தந்தை அல்லது மாமன் ஆசானாக இருந்தார். நோயாளியின் வீட்டுத் திண்ணையே வகுப்பறை. ஊதியம் நெல்லாகவும் வேறு பண்டமாகவும் வந்தது. ஓர் ஊரின் மூன்று தலைமுறை நோய்களை அறிந்திருந்தமை அவர்களது பலம். இதனை இலட்சியமயமாக்குவது வரலாற்றுப் பிழை. சாதியும் குடிவழியும் யார் கற்கலாம், யார் வீட்டினுள் பரிகாரியார் காலடி வைப்பார் என்பவற்றைத் தீர்மானித்தன. பெருங்கொள்ளைநோய்களின் முன் அவ்வைத்தியம் கையறு நிலையிலேயே நின்றது. எனினும் கற்கும் இடமும் பணிபுரியும் இடமும் ஒன்றாக இருந்தமை அம்முறையின் இயல்பு. பின்னர் வந்த எந்த முறையும் அவ்வியல்பை முற்றாக மீட்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வன்னியின் குடிசனம் குறைந்து செல்வது காலனித்துவ அரசின் கவனத்துக்கு வந்தது. குளங்கள் உடைந்து கிடந்தன. 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டபின் குளக்கட்டுத் திருத்துவதற்கான கூட்டுழைப்பு முறை சிதைந்தது. அதன் இடத்தில் வேறொன்றை வைப்பதற்கு அரசு நெடுங்காலம் அக்கறை காட்டவில்லை. குளத்தடியிற் சேறாகிய நீரைக் குடித்து, குரக்கனும் காட்டுக்கிழங்கும் உண்டு வாழ்ந்த மக்களைக் காய்ச்சலும் பறங்கி நோயும் அரித்தன. தோலையும் எலும்பையும் தின்னும் பறங்கிப்புண் வறுமையின் நோய் என்பதை அக்கால வைத்தியர்களே உணர்ந்திருந்தனர்; 1881இல் வில்லியம் கின்சி அந்நோய் பற்றித் தனி அறிக்கையே எழுத நேர்ந்தது. அதற்கு முன்னரே, வட மாகாணத்துக் குடியேற்ற நாட்டுச் சத்திரவைத்தியராக இருந்த ஜேம்ஸ் லூஸ், வன்னி மக்கள் குறைந்து செல்வதற்கான காரணங்களை ஆராயப் பணிக்கப்பட்டார். அவர் செய்த விதப்புரைகளுள் ஒன்று, உள்நாட்டாரை வைத்தியராகப் பயிற்றுதற்கு ஒரு பள்ளி வேண்டும் என்பதாகும்.

அதன் விளைவே 1870 ஆனி 1ஆம் நாள், தேசாதிபதி ஹேர்க்குலிஸ் றொபின்சன் காலத்தில், கொழும்பு மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டமை. மாணவர் 25 பேர். கற்கைக் காலம் மூன்று ஆண்டு. லூஸ் தாமே அதற்குத் தலைமை தாங்கினார். பள்ளி எங்கே தொடங்கிற்று என்பதையும் குறிப்பிடுதல் வேண்டும்: கொழும்புப் பொது வைத்தியசாலையின் நோயாளர் விடுதி ஒன்றில். வன்னியின் உடைந்த குளங்கள் கொடுத்த நியாயத்தைக் கொண்டு பெறப்பட்ட பணம், கொழும்பில் ஒரு கட்டிலருகே இறக்கி வைக்கப்பட்டது. அன்றைய மருத்துவ அறிவு நிலையில் வேறு வழி இருந்ததா என்று கேட்கலாம். எடின்பரோவிலும் இலண்டனிலும் அவ்வாறே கற்பிக்கப்பட்டது என்பது உண்மை. ஆயினும் மாதிரி எங்கிருந்து வந்தது என்பது விளக்கமே அன்றி நியாயமாகாது.

கற்றவர் எங்கே சென்றனர்? பள்ளி திறந்து இரண்டு ஆண்டுகளுள், 1872இல், தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகள் பற்றிய கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர் வழியெங்கும் மடிந்தமை அதற்குப் புறக்காரணம். உழைப்பாளர் குறைந்தால் ஏற்றுமதி குறையும் என்பது அகக்காரணம். தோட்டங்களிடமிருந்து வரி திரட்டி மலைநாட்டில் மாவட்ட வைத்திய அதிகாரிகள் நியமிக்கப்பட்டனர். சட்டம் பின்னர் திருத்தப்பட்டபோதும் இவ்வடிப்படை நீடித்தது. வருமானம் நிச்சயமாக உள்ள இடத்தில் பதவியும் உண்டாயிற்று. வன்னியில் வரி செலுத்த இருந்தவர் நெற்செய்கையாளர் மட்டுமே. அவரது தானிய வரி வைத்தியரைக் கொண்டுவரவில்லை, 1880களில் நாட்டின் வேறு பகுதிகளில் நிலத்தைப் பறிக்கும் அதிகாரியையே கொண்டுவந்தது. 1892இல் அவ்வரி ஒழிக்கப்பட்டது. இவ்விரு வரிகளையும் ஒருங்கு வைத்து நோக்கினால், மருத்துவப் பள்ளியில் உருவான ஆற்றல் ஏன் பொன்பரிப்புப் பக்கம் திரும்பவில்லை என்பதற்கு வைத்தியரின் மனப்பாங்கைக் குறைகூற வேண்டிய தேவை பெரிதும் குறைந்துவிடும்.

இதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் மாறான ஒரு பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. அமெரிக்க மிசனைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் இங்கு வந்து, மானிப்பாயில் நிலைகொண்டு, 1873 வரை மருத்துவம் கற்பித்தார். அவரிடம் பயின்றோர் 60க்கு மேற்பட்டவர். அவர்களுட் பாதியளவினர் முற்றிலும் தமிழிலேயே கற்றனர். மேலைத்தேய மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, கலைச்சொல் தொகுத்த அவர் பணி தமிழியல் ஆய்வாளரால் பலபடப் போற்றப்பட்டுள்ளது. ஆனால் அவர் தமிழுக்கு ஏன் மாறினார் என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. ஆங்கிலத்திற் கற்ற மாணவர் அரசாங்க உத்தியோகம் நாடி ஊரை விட்டகன்றனர்; தமிழிற் கற்பவர் ஊரிலேயே தங்கி ஊராருக்கே வைத்தியம் செய்வர் என்று அவர் கருதினார். அதாவது, பயிற்சியின் மொழி அவருக்குப் பண்பாட்டுப் பிரச்சினை மாத்திரமன்று, வைத்தியர் எங்கே வாழ்வார் என்ற பிரச்சினையும் ஆகும். மதமாற்ற நோக்கம் அப்பணியோடு பின்னிக் கிடந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. மிசனின் நிதி அதற்காகவே வந்தது. நிதியளித்தவரின் நோக்கம் எதுவாயினும், ஊரில் தங்கும் வைத்தியருக்கெனத் திட்டமிட்டு ஒரு பயிற்சியை வடிவமைத்தவர் என்ற வகையில் கிறீன் இந்நாட்டிற் பெரிதும் தனித்தே நிற்கின்றார். அவர் சென்றபின் அம்முயற்சி தொடரவில்லை. கொழும்புப் பள்ளி 1880இல் இலங்கை மருத்துவக் கல்லூரி ஆயிற்று. பிரித்தானிய மருத்துவப் பேரவையின் ஏற்பைப் பெறுவதே அதன் நோக்கமாயிற்று. இலண்டனில் செல்லுபடியாகும் தகைமை ஊரில் தங்கும் தகைமையாக இருத்தல் அரிது.

வைத்தியர் செல்லாத இடத்துக்கு அப்போதிக்கரி அனுப்பப்பட்டார். குறைந்த காலம், குறைந்த செலவு, குறைந்த சம்பளம். அரச மருந்தகங்களில் ஒரு கலவைப் போத்தலோடும் குயினைனோடும் அமர்ந்திருந்த அவரைத்தான் கிராமத்தார் ‘டொக்டர்’ என்றனர். பின்னர் உதவி மருத்துவர் என்றும், ஆர்.எம்.பி. என்றும் பெயர்கள் மாறின, ஏற்பாடு மாறவில்லை. நகரத்துக்கு முழு வைத்தியர், கிராமத்துக்கு அரை வைத்தியர் என்னும் இவ்விரட்டை நிலையைக் காலனித்துவத்தின் எச்சம் என்று மட்டும் கூறி அமைதல் போதாது. சுதந்திர இலங்கை அதனை அரை நூற்றாண்டு பேணியது. ஆயினும் ஒன்றைச் சொல்லுதல் நேர்மை. ஒரே மருந்தகத்தில் நெடுங்காலம் இருந்த அப்போதிக்கரி பலர், தமக்கு எவரும் கற்பிக்காத குடும்ப வைத்தியத்தைத் தாமாகவே கற்றுக்கொண்டனர். எந்த வீட்டில் காசநோய், எந்தப் பெண்ணுக்கு ஐந்தாவது பிள்ளைப்பேறு என்பவை அவர் நினைவில் இருந்தன. அந்நினைவு எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. இடமாற்றக் கடிதம் வந்த அன்று அதுவும் அவரோடு பேருந்தேறிச் சென்றது.

திட்டமிட்ட பராமரிப்பு என்பது இங்கு எக்கருத்தில் ஆளப்படுகின்றது என விளக்குதல் பொருந்தும். வாசலில் வந்து நிற்கும் நோயாளிக்கு மருந்து கொடுப்பது ஒரு முறை. தன் பொறுப்பில் எத்தனை குடும்பங்கள், அவற்றுள் எவருக்கு நீரிழிவு, எவருக்கு உயர் குருதியமுக்கம், எவர் மூன்று மாதமாக வரவில்லை என்பதைப் பதிந்து வைத்து, வராதவரைத் தேடிச் செல்வது மற்றொரு முறை. இரண்டாவதற்கு வேண்டியவை ஓர் எல்லை, ஒரு பெயர்ப்பட்டியல், ஒரு குழு. இம்மூன்றும் இலங்கையில் முதன்முதலாக ஒன்றுசேர்ந்த இடம் களுத்துறை.

அமெரிக்காவின் றொக்பெல்லர் அறநிதியம் 1916 முதல் இலங்கைத் தோட்டங்களிற் கொக்கிப்புழு ஒழிப்பில் ஈடுபட்டிருந்தது. மருந்து கொடுத்துப் புழுவை வெளியேற்றினாலும், மலசலகூடமற்ற லயத்தில் அது மீளவும் வந்து சேர்ந்தது. இவ்வனுபவம் நோயொன்றைத் துரத்துவதினின்றும் இடமொன்றைப் பராமரிப்பதற்கு அவர்களை இட்டுச் சென்றது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, தாதியர், மருத்துவ மாதர், சுகாதாரப் பரிசோதகர் ஆகியோர் வரையறுத்த ஒரு நிலப்பரப்புக்குப் பொறுப்பாயினர். அதுவே பயிற்சிக் களமாகவும் ஆயிற்று. அங்கு வளர்ந்த நிறுவனமே இன்று தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவகம் எனப்படுகின்றது. முதலில் அறநிதியம் பங்கு கொடுத்தல், பின்னர் படிப்படியாக அரசே சுமையை ஏற்றல் என்பது நிதி முறை. அந்நிய முதலாளித்துவத்தின் தருமப் பணம் என்று இதனை ஒதுக்கிவிடுவோர் உளர். தோட்டத்து இலாபத்துக்கு நலமான உழைப்பாளர் தேவைப்பட்டனர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அப்பணம் ஒரு காரியத்தைச் செய்தது: வைத்திய அதிகாரியொருவர் வைத்தியசாலைக்கு வெளியே, ஊரினுள், சம்பளத்தோடு பயிலலாம் என்பதை அது இந்நாட்டு அரச கணக்கிற் பதித்தது.

அப்பதிவின் பலன் பெரிது. 1930களின் நடுப்பகுதியில் ஓர் இலட்சம் பிறப்புக்கு 2,000க்கு மேற்பட்டிருந்த தாய் மரணம் இந்நூற்றாண்டில் 40க்குக் கீழ் இறங்கியமைக்கு எழுத்தறிவும், உணவு மானியமும், வைத்தியசாலைப் பிரசவமும் காரணங்களாக இருக்க, மருத்துவ மாதின் கையிலுள்ள பதிவேடும் ஒரு முதன்மைக் காரணம். தகுதியுள்ள தம்பதியர் அனைவரின் பெயரும் அதில் உண்டு. கர்ப்பிணி வராவிட்டால் மாது வீடு தேடிச் செல்வார். எலுவன்குளம் போன்ற ஊர்களில், சைக்கிளில் மணற்பாதையூடாக வந்து சேர்ந்த அப்பெண்ணே திட்டமிட்ட பராமரிப்பின் உருவமாக இருந்தார். மலேரியாவும் அவ்வாறே. 2012இல் இறுதி உள்நாட்டுத் தொற்று காணப்பட்டு, 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக உறுதிப்படுத்தியது. இடத்துக்கு இடம் கண்காணித்த களப்பணியாளரே அதற்குக் காரணர்.

இங்குதான் சிக்கல். களுத்துறை மரபு நோய்த்தடுப்புப் பிரிவினுள்ளேயே நின்றுவிட்டது. நோய் தீர்க்கும் பிரிவு, அதாவது வைத்தியசாலையும் மருந்தகமும், எல்லையோ பட்டியலோ இன்றித் தன்வழியே வளர்ந்தது. எவரும் எந்த வைத்தியசாலைக்கும் செல்லலாம் என்பது மக்கள் வென்ற உரிமை. அதன் மறுபக்கம், எந்த வைத்தியரும் எவருக்கும் பொறுப்பில்லை என்பது. கருவுற்ற பெண் பட்டியலில் இருக்கிறாள். பிள்ளைப்பேறு முடிந்து இருபது ஆண்டு கழித்து நீரிழிவோடு வரும் அதே பெண் வெறும் துண்டு எண் ஆகிறாள்.

1934–35 மலேரியாப் பெருநோய் இப்பிளவைக் கொடுமையாகக் காட்டிற்று. ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். ஆண்டுதோறும் காய்ச்சலோடு வாழ்ந்து ஓரளவு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்த வரள் வலயத்தை விட, கேகாலை, குருநாகல் பகுதிகளே அதிகம் அழிந்தன. எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா முதலிய இடதுசாரி முன்னோடிகள் சூரியமல் இயக்கத்தின் வழியே நிவாரணப் பணியில் இறங்கி, குயினைனோடு உணவும் கொண்டு சென்றனர். பெரேராவைக் கிராமத்தார் ‘பருப்பு மகத்தயா’ என்றழைத்தது அப்போதுதான். மருந்தோடு பருப்பும் வேண்டும் என்று அறிவதற்கு ஊரினுள் நுழைய வேண்டியிருந்தது. மருத்துவக் கல்லூரியின் பாடத்திட்டம் அவ்வழியே நுழைந்ததாகத் தெரியவில்லை.

1945இன் இலவசக் கல்வியும் 1950களின் தொடக்கத்தில் நிலைபெற்ற இலவச மருத்துவமும் நிதியின் மூலத்தையே மாற்றின. 1942இல் பல்கலைக்கழகப் பீடமாகிவிட்ட மருத்துவக் கல்வியை இப்போது நாட்டு மக்கள் அனைவரும் வரியாற் சுமந்தனர். மறைமுக வரியே பெரும்பங்காக உள்ள நாட்டில், மாவுக்கும் சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரி கொடுக்கும் கங்கைவாடி மீனவரும் ஒரு வைத்தியரின் படிப்புக்குப் பணம் கொடுப்பவரே. 1961இன் கட்டாயப் பொதுச்சேவைச் சட்டம் இக்கடனை ஓரளவு உணர்ந்தது. ஆனால் அது சேவையைக் கட்டாயமாக்கியதே அன்றிச் சேவைக்கேற்ற பயிற்சியை அளிக்கவில்லை. மருத்துவப் பட்டதாரி தமது உள்ளகப் பயிற்சி ஆண்டைப் பெரிய வைத்தியசாலையின் விடுதிகளிற் கழிக்கின்றார். அதன்பின் வரும் நியமனம் அவரை, ஆய்வுகூடமும் மூத்தோரும் இல்லாத கிராமத்து நிலையமொன்றில் தனியே இருத்தலாம். கட்டிலருகே கற்றவருக்குக் கட்டிலற்ற ஊர் தண்டனையாகவே தோன்றும். இடமாற்றத்துக்கு விண்ணப்பம் எழுதும் அவரைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதிய கண்டனங்கள் நாமறிவோம். அக்கண்டனங்களை எழுதியோர் தம் பிள்ளைகளை எங்கே வைத்தியராக அனுப்பினர் என்பது வேறு கதை.

குடும்ப வைத்தியம் தனித்துறையாக இங்கு உருப்பெற்றது 1970களில். 1974இல் பொது வைத்தியர் கல்லூரி அமைந்தது. 1980இல் கொழும்பில் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் எழுந்தது. அக்காலத்தை ஒட்டியே குடும்ப மருத்துவ டிப்ளோமாவும் தோன்றிற்று. 1978இல் அல்மா ஆட்டாவில் ஆரம்ப சுகாதாரப் பராமரிப்புப் பற்றிய பிரகடனம் வெளியாகியிருந்தமையால் சூழலும் சாதகமாக இருந்தது. ஆனால் 1977க்குப் பின் பொருளாதாரம் திறந்து விடப்பட்டு, அரச வைத்தியருக்குத் தனியார் தொழில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. நிபுணர் ஆவதற்கு அரசு சம்பளத்தோடு விடுமுறையும் வெளிநாட்டுப் பயிற்சியும் தந்தது. நிபுணர் ஆனபின் மாலை நேரச் சந்தை காத்திருந்தது. குடும்ப வைத்தியத்துக்கு அரச சேவையில் உரிய பதவி நெடுங்காலம் இருக்கவில்லை. எனவே அது பெரிதும் தனியார் மருத்துவ நிலையங்களில் தொழில் புரிவோரின் தகைமையாக நின்றது. தனியார் நிலையம் நகரத்தில், சந்தியில் உண்டு. வண்ணாத்திவில்லைத் தாண்டியபின் அதனை எதிர்பார்ப்பதற்கில்லை.

பிற நாடுகள் இப்பணப் பிரச்சினையை எவ்வாறு எதிர்கொண்டன என்பதை ஒப்புநோக்குதல் பயன்தரும். பிரித்தானியா 1948இல் தேசிய சுகாதார சேவையைத் தொடங்கியபோதே, பொது வைத்தியரிடம் பயிலுநராகச் சேர்பவருக்குச் சம்பளமும், பயிற்றுபவருக்கு உதவுதொகையும் அரசு கொடுக்கும் திட்டமொன்றை அமைத்தது. 1976இல் அத்தகைய தொழிற்பயிற்சியைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. அமெரிக்காவில் 1965இன் மெடிக்கெயார் சட்டம் வைத்தியர் பயிற்சிப் பணத்தை வைத்தியசாலைகளுக்கே கொடுத்தது. ஆகவே வைத்தியசாலைக்குப் பயன்படும் துறைகளே வீங்கின. நாற்பத்தைந்து ஆண்டுகளின் பின், 2010இல், சமூக மருத்துவ நிலையங்களுக்கே நேரடியாகப் பயிற்சி நிதி வழங்கும் திட்டம் சட்டமாயிற்று. ஐந்தாண்டுக்கு ஒதுக்கப்பட்ட 23 கோடி டொலர், வைத்தியசாலைகள் பெறும் தொகையோடு ஒப்பிடச் சிறு துளி. செல்வம் மிக்க அந்நாட்டிலேயே இது இவ்வளவு தாமதித்ததென்றால், பிரச்சினை பணப் பற்றாக்குறை மட்டுமன்று, பணம் செல்லும் வாய்க்கால் பற்றியது என்பது தெளிவு.

தென்னாபிரிக்காவின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. சிட்னி கார்க், எமிலி கார்க் என்னும் வைத்தியத் தம்பதியர் 1940இல் நேற்றால் பகுதியிற் பொலேலா என்னும் வறிய சூலு மக்கள் வாழிடத்தில் ஒரு சுகாதார நிலையத்தைத் தொடங்கினர். வீடு வீடாகக் கணக்கெடுத்து, ஊரின் நோயையும் உணவையும் ஒருங்கு அறிந்து, அங்கேயே குடும்ப வைத்தியரைப் பயிற்றினர். களுத்துறைக்குப் பணம் கொடுத்த அதே றொக்பெல்லர் அறநிதியம் டேர்பன் மருத்துவக் கல்லூரியில் அவர்களது துறைக்கும் உதவியது. நிறவெறி அரசு அதனை நசுக்கிற்று. 1950களின் இறுதியில் அவர்கள் நாட்டைவிட்டு வெளியேறினர். வெளி நிதி ஒரு துறையைத் தொடக்கலாம். உள்நாட்டு அரசு விரும்பாவிடின் அது நிலைப்பதில்லை.

ஈழத்தில் இச்சிந்தனையைத் தமிழிலும் மருத்துவத்திலும் ஒருங்கே நிகழ்த்தியவர் பேராசிரியர் செ. சிவஞானசுந்தரம், இலக்கிய உலகில் நந்தி. 1978இல் தொடங்கிய யாழ்ப்பாண மருத்துவ பீடத்திற் சமுதாய மருத்துவத்தைக் கட்டியெழுப்பியவர் அவர். ‘மலைக்கொழுந்து’ எழுதியவரும் அவரே. தோட்டத்து லயத்தை நாவலாக அறிந்த ஒருவர் மருத்துவ மாணவரை ஊருக்குள் அழைத்துச் சென்றதில் வியப்பில்லை. அப்பீடத்தின் துறை சமுதாய, குடும்ப மருத்துவத் துறை என்று இரண்டையும் இணைத்துப் பெயர் கொண்டிருப்பது, மேலே காட்டிய பிளவுக்கு ஒரு விடையாகக் கொள்ளத்தக்கது. போர் அவ்விடையைச் சோதித்துப் பார்க்க இடந்தரவில்லை.

போர் எலுவன்குளத்தையும் விடவில்லை. 1980களின் நடுப்பகுதியில் வில்பத்துக் காடு மூடப்பட்டது. மன்னார்ப் பாதை ஓய்ந்தது. 1990 ஐப்பசியில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தனர். புத்தளம், கற்பிட்டி, வண்ணாத்திவில்லுப் பகுதிகளில் ஓலைக் கொட்டில்கள் எழுந்தன. அவர்களிற் பலர் ஆண்டுக்கணக்கில் வடக்கின் வாக்காளர் இடாப்பிலேயே பதிவாகியிருந்தனர். ஆள் இங்கே, பெயர் அங்கே. குடிசனக் கணக்கைக் கொண்டு மருந்தும் ஆளணியும் பங்கிடும் முறையில் இதன் பொருள் என்ன என்பதை விரித்துரைக்கத் தேவையில்லை. முன்பே குறைந்த வசதியைப் பங்கிட நேர்ந்த உள்ளூராரின் மனக்கசப்பும் உண்மையே. தன் பொறுப்பிலுள்ளோர் யார் என்று எண்ணத் தொடங்கும் குடும்ப வைத்தியர் இம்மாவட்டத்தில் முதலில் எதிர்கொள்வது மருத்துவ வினாவன்று, யார் இவ்வூரார் என்னும் வினாவே.

2018இல் சுகாதார அமைச்சு வெளியிட்ட கொள்கை, ஆரம்ப நிலை நிலையங்கள் ஒவ்வொன்றும் வரையறுத்த மக்கட்டொகைக்குப் பொறுப்பேற்கும் முறையை ஏற்றுக்கொண்டது. பழைய மருந்தகங்கள் ஆரம்ப மருத்துவப் பராமரிப்புப் பிரிவுகள் எனப் பெயர் பெற்றிருந்தன. அவற்றுக்கும் பட்டியல் வேண்டும், பட்டியலுக்குக் குடும்ப வைத்தியர் வேண்டும் என்பது கருத்து. அதே ஆண்டில் உலக வங்கி 20 கோடி டொலர் கடன் வழங்க உடன்பட்டது. 1870இற் கொழும்பில் இறக்கப்பட்ட பணம் வண்ணாத்திவில்லு வழியே செல்ல முதன்முறையாக ஒரு வழி தென்பட்டது. ஆனால் இது மானியமன்று, கடன். 2022இல் நாடு வங்குரோத்து நிலையடைந்து, வைத்தியர் கூட்டங்கூட்டமாகப் புலம்பெயர்ந்த பின்னரும் மீளச் செலுத்தப்பட வேண்டியது. வடமேல் மாகாணத்துக்கு வயம்பப் பல்கலைக்கழகத்தின் வழியே ஒரு மருத்துவ பீடம் கிடைத்ததும் இவ்வாண்டுகளிலேதான்.

பயிலும் வைத்தியரொருவர் எலுவன்குளத்தில் ஓராண்டு கற்பதாயின் வேண்டியவற்றை எண்ணிப் பார்க்கலாம். ஓர் அறை, குருதி சோதிக்கும் சிறு ஆய்வுகூடம், மின்சாரம், குடும்பங்களின் பதிவேடு, மருத்துவ மாதோடு வாரமொருமுறை அமர்ந்து அப்பதிவேட்டைப் பார்க்கும் நேரம், தமிழும் சிங்களமும் பேசும் உதவியாளர், மார்கழியில் ஆறு பெருகும்போது தங்குமிடம், இவை அனைத்துக்கும் மேலாகக் கற்பிக்கும் மூத்த குடும்ப வைத்தியர். அறையும் கருவியும் கடன் நிதியின் செலவுத் தலைப்புகளில் எளிதாக இடம்பெறுவன. திறப்பு விழாவுக்கும் உரியன. ஆசானின் சம்பளம் அவ்வாறன்று. 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தின் பின் கிராமத்து நிலையங்கள் மாகாண சபையின் பொறுப்பு. பட்டப்பின் பயிற்சியோ கொழும்புப் பல்கலைக்கழகத்தின் நிறுவகத்தையும் மத்திய அமைச்சையும் சார்ந்தது. ஊரில் இருந்து கற்பிக்கும் அம்மூத்தவர் மாகாணத்தின் ஊழியரா, மத்தியின் ஊழியரா, பல்கலைக்கழகத்தின் ஆசிரியரா என்பது தீர்க்கப்படாதவரை, அவருக்குரிய தொகை மூன்று பாதீடுகளில் எதனுள்ளும் ஏறாது.